மையன் முதுகில் விழுந்த பனி

அந்தக் காலத்தில், விலங்குகள் வாய்விட்டுப் பேசிய நாளில், மேற்கு மலையில் இப்போது இருப்பது போல மழையும் மூடுபனியும் மட்டும் இல்லை. மார்கழி பிறந்தால் நின்ற நீரெல்லாம் கல்லாகிவிடும். பெரிய பாறைச்சுவர்களில் வழிந்த அருவிகள் வழிந்தபடியே உறைந்து, அடிமரத் தடிமனில் பனிக்கட்டிகளாகத் தொங்கும். குளிரில் பல் தந்தியடித்ததால் விலங்குகள் கொஞ்சம் குறைவாகப் பேசின, அவ்வளவுதான்.

அங்கே மையன் என்று ஒரு வரையாட்டுக் கடா இருந்தான். பெயருக்கேற்ற கறுப்பு. அதிலும் அவன் முதுகு இருக்கிறதே, கண்மையை அப்பியது போல அப்படியொரு கறுப்பு. அதில் அவனுக்குத் தலைகால் தெரியாத பெருமை. தூறல் விழுந்தால் முதல் ஆளாக ஒதுங்குவான். வேறு கடா முட்ட வந்தால், முதுகில் கீறல் விழுமே என்று நைசாக நழுவிவிடுவான். அவன் மனைவி சாம்பிக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

வடக்குச் சரிவில் புல் தீர்ந்ததும் கூட்டம் தெற்குச் சரிவுக்குப் போக வேண்டும். இடையில் நெடுஞ்சுவர் என்ற செங்குத்துப் பாறை. அதன் குறுக்கே இரண்டு குளம்பு அகலத்தில் ஒரு விளிம்பு, அதுதான் வழி. அங்கே நடக்க இரண்டு விதிகள் உண்டு. வெயில் வருவதற்குள் கடந்துவிட வேண்டும், ஏனென்றால் வெயில் பட்டால் மேலே தொங்கும் கட்டிகள் கழன்று விழும். நடக்கும்போது காலைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது, ஏனென்றால் கால் தப்பினால் எலும்புகூட மிஞ்சாது. பிறந்தது முதல் குனிந்தே நடந்து பழகியதால், அந்தச் சுவரின் உச்சி எப்படியிருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

அந்த வருடம் கிளம்ப வேண்டிய அன்று, விடிவெள்ளி முளைக்கும் நேரம் பார்த்துச் சாம்பிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. குட்டி பிறந்தது. எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. அது நாலு அடி நடப்பதற்குள் வானம் வெளுத்துவிட்டது. கூட்டத்தின் தலைவி வளைகொம்பி, இன்று வேண்டாம், நாளை போகலாம் என்றாள். சாம்பி புல்லைக் கண்டு இரண்டு நாளாகிறது. மடியில் சொட்டுப் பால் இல்லை. மையன் ஓடிப்போய்ச் சுவரின் அடிப்பாறையை நக்கிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அக்கா, கல்லுல நாக்கை வெச்சா ஒட்டிக்குது. இந்தக் குளிர்ல எந்தக் கட்டி உருகப்போகுது? நாளைக்கு வரைக்கும் என் குட்டி தாங்காதுக்கா."

வளைகொம்பி குட்டியைப் பார்த்தாள். பிறகு விளிம்பில் கால் வைத்தாள். இருபது ஆடுகளும் வரிசையாகப் பின்னால் நடந்தன. கடைசியில் சாம்பி, குட்டி, அதற்கும் பின்னால் மையன்.

பாதி தூரம் போயிருப்பார்கள். மையன் முதுகில் ஒரு சொட்டு நீர் விழுந்தது.

அவனுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. யாருடைய முதுகில் யார் தண்ணீர் விடுவது? இன்னொரு சொட்டு. இன்னொன்று. மற்ற ஆடுகள் மேலும் விழுந்திருக்கும். ஆனால் முதுகைப் பற்றிக் கவலைப்பட அந்தக் கூட்டத்தில் வேறு யார் இருந்தார்கள்? விதியை மறந்து மையன் அண்ணாந்து பார்த்தான்.

கீழே நிழலும் குளிரும் இருக்க, உச்சியில் எப்போதோ வெயில் ஏறிவிட்டிருந்தது. சூரியன் முதலில் உச்சியைத்தான் தொடும் என்பது அப்போதுதான் அவன் மண்டையில் உறைத்தது. அடியை நக்கிப் பார்த்து என்ன பயன்? கட்டிகள் தங்கமாக மின்னின. அவற்றுக்குப் பின்னால் நீர் ஓடியது. சடக் என்று ஒரு சத்தம் கேட்டது.

கத்த வாயைத் திறந்தான். பயத்தில் பேச்சு வரவில்லை, காற்றுதான் வந்தது. அது நீளமான சீழ்க்கையாகி மலையெல்லாம் எதிரொலித்தது. இருபது தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. பத்தடி முன்னால் பாறை கூரை போல நீட்டியிருந்தது. எல்லாரும் அதற்கடியில் பாய்ந்தார்கள்.

குட்டி மட்டும் பாயவில்லை. கால் மடங்கி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டது. சாம்பி திரும்பி வர முயன்றாள்.

"வராத, போ. நான் இருக்கேன்" என்றான் மையன்.

குட்டியின் இரு பக்கமும் காலை ஊன்றினான். கொம்பைப் பாறையில் முட்டுக்கொடுத்தான். அத்தனை நாள் பொத்திப் பொத்திக் காத்த முதுகை மேலே காட்டி நின்றான். உடனே வானமே இடிந்தது போலக் கட்டிகள் வந்து விழுந்தன.

சத்தம் ஓய்ந்தபோது விளிம்பில் ஒரு வெள்ளைக் குவியல்தான் இருந்தது. சாம்பி பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். குவியலுக்குள் இருந்து "மே" என்று குட்டி குரல் கொடுத்தது. எல்லாரும் விழுந்தடித்துத் தோண்டினார்கள். மையன் நின்றபடியே இருந்தான். உயிர் இருந்தது, முதுகுத் தோல்தான் வழன்று போயிருந்தது.

தெற்குச் சரிவில் சாம்பி வயிறார மேய்ந்தாள். குட்டி பால் குடித்தது. மையனின் புண் ஆறியது. ஆனால் புதிதாக முளைத்த முடி அந்தப் பனிக்கட்டியின் வெள்ளை. அவன் வெட்கப்பட்டு முதுகைப் பாறைப் பக்கமே வைத்து நின்றான். சாம்பி வந்து பக்கத்தில் நின்றாள்.

"கறுப்பா இருந்தப்போ அந்த முதுகை நீங்க ஒருத்தர்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க. இப்போ குட்டி எங்க நின்னாலும் அந்த வெள்ளையைத் தேடித்தான் ஓடி வருது."

மையன் மெல்லத் திரும்பி நின்றான்.

கூட்டமே குனிந்து மேயும்போது ஒரு வரையாடு மட்டும் உயரமான பாறையில் ஏறி நின்று காவல் பார்ப்பதும், ஆபத்தென்றால் சீழ்க்கை அடிப்பதும் அதற்குப் பிறகு வந்த வழக்கம். மலையில் பனிக்கட்டி தொங்கிய காலம் போய் யுகமாகிவிட்டது, காவல் மட்டும் போகவில்லை. கடாவின் முதுகில் சேணம் போட்டது போல வெள்ளை படர்வதும், அது பிறக்கும்போது இல்லாமல், ஒரு குட்டிக்கு மேல் கூரையாக நிற்கும் வயது வந்த பிறகே தெரிவதும் அன்று முதல்தான்.