ஒரு பக்கம் மட்டும் கேட்கும் ஆன்டெனா

கல்லுக்குழிப்பாளையத்துக்காரர்களைப் பற்றி நான் எதைச் சொன்னாலும், பக்கத்து ஊர்க்காரன் பொறாமையில் பேசுகிறான் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு ஓடைதான். அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் இந்தப் பக்கம் தெரியும். தெரிந்ததை அடக்கி வைத்துக்கொள்ள எனக்கு உடம்பில் தெம்பு இல்லை.

அந்த ஊருக்கு மேற்கே மலை. மலையில் மொட்டைவாலன் என்று ஒரு யானை. பாதி வால் எப்போதோ போய்விட்டது, பசி மட்டும் முழுசாக இருக்கிறது. அது வாழைத் தோட்டங்களில் இறங்காமல் பார்த்துக்கொள்ள ஊரில் ஒரு யானைக் காவல் குழு அமைத்தார்கள். அன்றைக்கென்று பார்த்துப் புத்தியுள்ளவர்களுக்கெல்லாம் வேறு வேலை இருந்தது. அதனால் சென்னியப்பன் தலைவர் ஆனார், திம்மையனும் பொங்கியண்ணனும் உறுப்பினர்கள் ஆனார்கள். தலைவர் எதைச் சொன்னாலும் திம்மையன் உடனே ஆமாம் என்பான். பொங்கியண்ணன் சற்று யோசித்துவிட்டு ஆமாம் என்பார். அதனால் ஊரில் அவருக்கு அறிவாளி என்று பெயர்.

இதில் பாவம் தலைவரின் மனைவி நாச்சம்மாள்தான். மலையடியில் அவளுடைய தோட்டம். நூற்றுப் பன்னிரண்டு நேந்திரன் தார், ஒவ்வொன்றுக்கும் முட்டுக்கொடுத்து, சருகு சுற்றி, பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்திருந்தாள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் வெட்டுக்கு முதல் நாள் மொட்டைவாலன் வந்து மொத்தத்தையும் தின்றுவிட்டது. இந்த வருஷம் வியாழக்கிழமை வெட்டு. லாரிக்குச் சொல்லியாகிவிட்டது.

"இந்தத் தடவையும் தோட்டம் போச்சுன்னா நான் பொறந்த ஊட்டுக்குப் போயிருவேன். அப்பறம் நீங்களே ஆக்கித் தின்னுக்குங்க," என்றாள் நாச்சம்மாள்.

மூன்று பேரும் அவரவர் சோற்றுத் தட்டைப் பார்த்தார்கள். குழு உறுப்பினர்கள் இருவரும் மூன்று வேளையும் அவள் கையால்தான் சாப்பிடுகிறார்கள்.

வனத்துறை ரேஞ்சர் அவள்மேல் இரக்கப்பட்டு ஒரு பழைய ஸ்கேனர் ரேடியோவைக் குழுவிடம் கொடுத்தார். யானைக்குப் பின்னால் நடக்கும் காவலர்கள் வாக்கிடாக்கியில் பேசுவது அதில் கேட்கும். நாம் திருப்பிப் பேச முடியாது, கேட்கலாம், அவ்வளவுதான். குழு அதைக் கோயில் ஒலிபெருக்கியோடு இணைத்து, ஊருக்கே கேட்கும்படி தோட்டத்தில் வைத்தது. ஊருக்கே கேட்டது, வடை சுடுவதுபோல ஒரு சத்தம்.

"ஆன்டெனா பத்தாதுங்க. காவலர் எந்தப் பக்கம் பேசறாங்களோ அந்தப் பக்கமா திருப்பி வெக்கிற ஆன்டெனா ஒண்ணு வாங்குங்க. விலை கம்மியாவே கிடைக்கும்," என்றார் ரேஞ்சர்.

திங்கட்கிழமை மூவரும் டவுனில் ரகமத்துல்லா பாய் கடைக்குப் போனார்கள். பாய் பொறுமைசாலி. முப்பது வருஷமாக ரிப்பேர் கடை நடத்துகிறவருக்குப் பொறுமை இல்லாமல் முடியாது. அவர் ஒரு குச்சி ஆன்டெனாவையும், நீளக் கம்பியில் பல குறுக்குக் கம்பிகள் கோத்த இன்னொன்றையும் எடுத்து வைத்தார்.

"இந்தக் குச்சி நாலு பக்கமும் கேக்கும். ஆனா தூரத்துப் பேச்சு எடுக்காது. இந்தப் பெருசு ஒரு பக்கம் மட்டும்தான் கேக்கும். ஆனா மலை உச்சியில பேசினாலும் எடுக்கும்."

"ஒரு பக்கம் மட்டும்னா, குச்சி விலையில கால்வாசிங்களா பாய்?" என்றார் சென்னியப்பன்.

"இல்லீங்க. குச்சியைவிட மூணு மடங்கு அதிகம்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கடைக்கு வெளியே போய்க் கூட்டம் போட்டார்கள்.

"ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற மாட்டுக்கு எந்தச் சந்தையிலயாவது விலை ஜாஸ்தி குடுப்பாங்களா?" என்றார் தலைவர்.

"குடுக்க மாட்டாங்கங்க," என்றான் திம்மையன்.

பொங்கியண்ணன் யோசித்தார். "பாய் கணக்குல எங்கியோ தப்பு வந்துருச்சு. நம்ம சொன்னா மனசு சங்கடப்படுவாரு. வேற ஒண்ணு கேப்போம்."

பாய் மாடிக்குப் போய், தூசி படிந்த பழைய டிவி ஆன்டெனா ஒன்றைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் எல்லா வீட்டுக் கூரையிலும் நின்றதே, மீன் முள் மாதிரி, அதுதான். "இதுவும் ஒரு பக்கம் கேக்கிறதுதான். உங்க வேலைக்குப் போதும். இருக்கிறதுல இதுதான் விலை கம்மி."

"டிவி ஆன்டெனான்னா இதுல படமும் வருமில்லீங்க?" என்றான் திம்மையன். "எங்களுக்கு யானை படம் வேண்டாம் பாய், சத்தம் போதும். படத்துக்கு உண்டானதைக் கழிச்சுக்குங்க."

பாய் கழித்துக் கொடுத்தார். சில சமயம் பேச்சைச் சீக்கிரம் முடிக்க அதுதான் வழி.

"நல்லாக் கேட்டுக்குங்க," என்றார் பாய். "டிவிக்கு இந்தக் குறுக்குக் கம்பியெல்லாம் படுத்திருக்கும். உங்களுக்கு அது படுக்கக் கூடாது, நின்னுட்டு இருக்கணும். குட்டைக் கம்பி இருக்கிற முனைதான் முன்பக்கம். நல்ல உசரத்துல கட்டுங்க. பெரிய குழாய் ஒண்ணை நட்டு, அதுக்குள்ள சின்னக் குழாயை விட்டுட்டீங்கன்னா கீழ நின்னே திருப்பலாம். தானாத் திருப்புறதுக்கு மோட்டாரும் இருக்குது, ஆனா விலை ஜாஸ்தி."

"மோட்டார் வேண்டாமுங்க," என்றார் தலைவர். "எங்களுக்கே ஆறு கை இருக்குது."

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் கூட்டமே இல்லை. ஆனாலும் மூவரும் ஆன்டெனாவின் கம்பிகள் நிற்கும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூரையில் தலை இடிக்க நின்றுகொண்டே வந்தார்கள்.

"அதைச் சீட்டுக்கடியில போட்டுட்டு உக்காருங்களேன்யா," என்றார் கண்டக்டர்.

"படுக்கக் கூடாதுன்னு பாய் சொல்லியிருக்காருங்க," என்றார் தலைவர்.

"அதுதானே படுக்கக் கூடாது? நீங்க உக்காரலாமில்ல?"

பொங்கியண்ணன் யோசித்தார். "அது நிக்கிறப்ப நம்ம உக்காந்தா அதுக்கு என்னமாத் தோணும்?"

கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை தோட்டத்தின் நடுவில் குழாயை நட்டு, பாய் சொன்னபடியே கட்டி முடித்தார்கள். ஆச்சரியம்தான், ஆனால் ஆன்டெனா வேலை செய்தது. குட்டை முனையை மலைப் பக்கம் திருப்பியதும் ஒலிபெருக்கி தெளிவாகப் பேசியது.

"மொட்டைவாலன் கீழ எறங்குது. கல்லுக்குழிப்பாளையம் பார்த்து வருது. ஓவர்."

ஊரே தகரத்தையும் தட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பியது. திம்மையனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையில் அகப்பட்டது குழாய். அதைப் பிடித்துக்கொண்டு நடுங்கினான். நடுக்கத்தில் குழாய் திரும்பி, ஆன்டெனா கிழக்கே பார்த்தது. ஒலிபெருக்கி வாயை மூடிக்கொண்டது.

ஐந்து நிமிஷம் பார்த்தார்கள். பத்து நிமிஷம் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் போட்ட சத்தத்தில் யானை பாதி வழியிலேயே திரும்பிப் போயிருந்தது. குழு அன்று மாலையே கூடியது.

"மேக்கால திருப்புனோம், யானை வந்துச்சு. கெழக்கால திருப்புனோம், யானை போயிருச்சு," என்றார் தலைவர். "இதுல இருந்து என்ன தெரியுது?"

"ஆன்டெனாதான் யானையக் கூப்புடுதுங்க," என்றான் திம்மையன்.

பொங்கியண்ணன் வழக்கத்தைவிட அதிக நேரம் யோசித்தார். "அப்படின்னா கெழக்க பார்த்தே வெச்சிருந்தோம்னா, மொட்டைவாலன் இந்த சென்மத்துல வராது."

நாச்சம்மாள் சோற்றுப் போசியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏனுங்க, அக்கட்டால திருப்புனா சத்தம்தானே நிக்கும்? யானை எப்படி நிக்கும்?"

"சத்தமே இல்லாம யானை எங்கிருந்து வரும் நாச்சா?" என்றார் தலைவர் அன்பாக. அவள் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவளுக்கு அழுகை வந்தது என்று பிற்பாடு என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். வராமல் என்ன செய்யும்?

புதன்கிழமை, வெட்டுக்கு முதல் நாள். பொழுது சாயும் நேரம். மூவரும் குழாய்க்கு முன்னால் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, ஆன்டெனாவோடு சேர்ந்து தாங்களும் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கியின் சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்திருந்தார்கள், யானை வரவில்லை என்பது நன்றாகக் கேட்கட்டும் என்று.

பின்னால் ஒரு வாழை முறிந்தது.

"பொறகால ஏதோ சத்தமுங்க," என்றான் திம்மையன்.

"ரேடியோவுல ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப ஒண்ணுமில்லை."

இன்னொரு வாழை முறிந்தது. திம்மையனுக்கு மனசு கேட்கவில்லை. மெதுவாகக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். "தலைவரே, யானையாட்டம் ஒண்ணு நிக்குதுங்க. தார் தின்னுது."

"வாலைப் பாரு."

"பாதிதான் இருக்குதுங்க."

தலைவர் பொங்கியண்ணனைப் பார்த்தார். அவர் கண்ணை மூடி யோசித்தார். "மொட்டைவாலனா இருந்தா காவலர் சொல்லியிருப்பாங்க. அவங்க சம்பளம் வாங்கறதே அதுக்குத்தானே? சொல்லாததுனால இது மொட்டைவாலன் இல்லை. வேற ஏதோ."

"வேற ஏதோன்னா, நம்ம வேலை இல்லீங்க," என்றான் திம்மையன் நிம்மதியாக. மூவரும் மறுபடி கிழக்கே பார்த்தார்கள்.

இரண்டு தாரைத் தின்று முடித்த மொட்டைவாலனுக்கு முதுகு அரித்தது. தோட்டத்தில் உரசிக்கொள்ளத் தோதாக இருந்தது அந்தக் குழாய் ஒன்றுதான். வந்து சாய்ந்து உரசியது. குழாய் மெல்லத் திரும்பியது. ஆன்டெனா தெற்கே பார்த்தது, பிறகு மேற்கே பார்த்தது. அரைமணி நேரமாக மலைமேலிருந்து வாக்கிடாக்கியில் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்த காவலரின் குரல் ஒலிபெருக்கியில் இடி மாதிரி விழுந்தது.

"மொட்டைவாலன் நாச்சம்மா தோட்டத்துக்குள்ள நிக்குது! அதுக்கு முன்னாடி மூணு பேர் கட்டில்ல உக்காந்திருக்காங்க! யாராவது அந்த மூணு பேரையும் எந்திரிச்சு ஓடச் சொல்லுங்க! ஓவர்!"

தலைவர் துள்ளி எழுந்தார். "கேட்டீங்களா? எவ்வளவு சுத்தமா வருது பாருங்க!"

"மூணு பேருன்னு சொல்றாங்களேங்க," என்றான் திம்மையன். அவன் கண் கலங்கிவிட்டது. "யாரு பெத்த புள்ளைகளோ."

"யானைக்கு முன்னாடி கட்டில் போட்டு உக்காருவாங்களா? என்ன ஜென்மங்களோ," என்றார் பொங்கியண்ணன், யோசிக்காமலே.

"எப்படிப்பட்ட முட்டாளா இருந்தாலும் உசிரு உசிருதான். நம்ம காவல் குழு. வாங்க, போய்க் காப்பாத்துவோம்," என்றார் தலைவர். அந்த மூன்று பேரைக் காப்பாற்ற மூன்று பேரும் தோட்டத்தை விட்டுத் தலைதெறிக்க ஓடினார்கள். இப்படித்தான் அன்றைக்கு அவர்கள் பிழைத்தது.

யானையும் நிற்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி அப்படி அலறினால் யார்தான் நிற்பார்கள்? ஒரே பிளிறல், பாதி வாலையும் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டது. தட்டும் கரண்டியுமாக ஓடிவந்த நாச்சம்மாள் பார்த்தபோது தோட்டத்தில் நூற்றுப் பத்துத் தார் அப்படியே இருந்தது. அவள் வரப்பிலேயே உட்கார்ந்து, சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள்.

குழு, வீடு வீடாகக் கதவைத் தட்டிவிட்டு, வாடிய முகத்தோடு திரும்பி வந்தது.

"அந்த மூணு பேர் எங்கயும் கிடைக்கலை நாச்சா," என்றார் தலைவர்.

"அது நீங்கதானுங்க!"

"நாங்களா? நாங்க பத்திரமா இருக்கறமே. ஆபத்துல இருந்தது வேற ஆளுக." அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு மூவரும் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள். அவளும் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. வியாழக்கிழமை காலையில் லாரி வந்தது, தார் எல்லாம் ஏறியது.

அன்றைக்கு மத்தியானமே மூவரும் பாய் கடையில் போய் நின்றார்கள்.

"என்ன, ஆன்டெனா கேக்குதா?" என்றார் பாய்.

"அருமையாக் கேக்குது பாய். திருப்புறதுலதான் சிக்கலு," என்றார் தலைவர். "நாங்க திருப்புனா ஒண்ணுமே வர்றதில்லை."

"அதான் அன்னைக்கே சொன்னேன். மோட்டார் போட்டுக்குங்க."

"மோட்டார் விலை ஜாஸ்தியாச்சே பாய். நேத்து ஒரு யானை திருப்பிக் குடுத்துச்சு. பக்கத்துல நின்னு பேசற மாதிரி அப்படிக் கேட்டுச்சு. அதனால எங்களுக்கு மோட்டாரைவிடக் கம்மி விலையில ஒரு யானை இருந்தா எடுத்துப் போடுங்க."

பாய் கல்லாப் பெட்டியைப் பூட்டினார். விலை படியவில்லை போலிருக்கிறது என்று பொங்கியண்ணன் சற்று யோசித்தார்.

"வால் பாதி இல்லாட்டியும் பரவால்லீங்க," என்றார். "வாலுக்கு உண்டானதை மட்டும் கழிச்சுக்குங்க."