கலங்கலில் இடம் பிடித்த முள்ளம்பன்றி

"'ஏரி நிரம்புது, ஊரே கலங்கல் பார்க்கப் போகுது, நான் மட்டும் இந்த வளைக்குள்ள கிழங்கு சுரண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா!' இதானே? இதையேதானே போன ஐப்பசியிலயும் சொன்னே? ஒரு வார்த்தை மாறலியே சவுந்தரி!" என்றான் தணிகாசலம் என்ற முள்ளம்பன்றி. மனைவியின் குரலிலேயே பேசிக் காட்டினான்.

"போன ஐப்பசியில நீங்க சொன்ன பதிலும்தான் மாறல! 'நாளைக்குப் போகலாம்'னு சொன்னீங்க. அந்த நாளைக்கு இன்னும் விடியவே இல்ல!" என்றாள் சவுந்தரி. அவள் முதுகிலிருந்த முட்கள் எல்லாம் விறைத்துக்கொண்டு நின்றன.

குன்றின் அடிவாரத்தில், சீத்தா மரங்களுக்கு நடுவே இருந்தது அவர்கள் வளை. குன்றுக்கு அந்தப் பக்கம் பெரிய ஏரி. ஐப்பசி மழையில் ஏரி ததும்பினால், கரையின் ஒரு கோடியில் தாழ்வாகக் கட்டிய கற்சுவரைத் தாண்டித் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வழியும். அந்த இடத்துக்குத்தான் கலங்கல் என்று பெயர். ஏரித் தண்ணீர் ஒரு முழம் இறங்கினால் போதும், வழிவது நின்றுவிடும். பிறகு அடுத்த ஐப்பசிதான். அதனால் வழிகிற அந்தச் சில நாட்களும் காட்டுக்குத் திருவிழா. முயல், மான், காட்டுப்பன்றி எல்லாம் குடும்பத்தோடு கிளம்பிவிடும். காலை நனைத்துக்கொண்டு நிற்பார்கள், கொண்டு போனதைத் தின்பார்கள், திரும்பி வந்து ஒரு வருஷம் அதைப் பற்றியே பேசுவார்கள்.

சவுந்தரி கல்யாணமாகி இந்தக் காட்டுக்கு வந்ததிலிருந்து கலங்கலைப் பார்த்ததே இல்லை. மற்றவர்கள் பேசக் கேட்டதோடு சரி.

அதுவும் பக்கத்துக் குட்டையில் இருக்கும் மங்களம் என்ற ஆமை பேசினால் கேட்கச் சகிக்காது. "நீ இன்னும் பார்க்கலியா? அடப் பாவமே! நான் வருஷா வருஷம் போயிடறேன். எனக்கென்ன, வீட்டைப் பூட்டணுமா, யார்கிட்டயாவது சாவி கொடுக்கணுமா? வீடே முதுகுல வருது!" என்று சொல்லிவிட்டு, கழுத்தை நீட்டி ஒரு சிரிப்புச் சிரிப்பாள்.

இந்த வருஷம் மழை பிய்த்து உதறியது. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் ஒரு கொக்கு பறந்து போனது.

"கலங்கல் வழியுது! கலங்கல் வழியுது! வர்றவங்க வரலாம்!"

"கேட்டுச்சா?" என்றாள் சவுந்தரி.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. இன்னிக்கே போயிடலாம்" என்றான் தணிகாசலம். சவுந்தரி தன் காதையே நம்பவில்லை. அவன் தொடர்ந்தான். "ஆனா ஒண்ணு. போறதுன்னா எல்லாரும் சேர்ந்து போகணும். அப்பா வரணும், என் தங்கச்சி கனகா வரணும். அப்புறம் வெறுங்கையோட போய் நின்னா நாலு பேர் என்ன நினைப்பாங்க? சிம்பிளா ஏதாவது செஞ்சிடு. கடலை அவிச்சுடு. கிழங்கு சுட்டுடு. காளான் கிடைச்சா அதையும் வதக்கிடு. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்!

சவுந்தரி முணுமுணுக்கவில்லை. போனால் போதும் அவளுக்கு. மழைக்கு இளகிய மண்ணைத் தோண்டிப் பச்சைக் கடலை கொண்டுவந்தாள். கழுவினாள், அவித்தாள். வளைக்குள் கடலை வாசனை எழுந்ததும் மாமனார் சிதம்பரம் எழுந்து வந்தார்.

"உப்பு பார்க்கட்டுமா மருமகளே?"

பார்த்தார். போதவில்லை என்றார். உப்புப் போட்டபின் மறுபடி பார்த்தார். இப்போது தணிகாசலத்துக்குச் சந்தேகம் வந்தது. "அப்பா சரியாப் பார்த்தாரான்னு நான் ஒரு தரம் பார்த்துடறேன்" என்றான். கனகா பக்கத்து வளையிலிருந்து வந்து, "எல்லாரும் பார்த்தீங்க, நான் பார்க்க வேண்டாமா அண்ணி?" என்று பானைக்குள் தலையையே விட்டாள்.

சவுந்தரி காளானை வதக்கிவிட்டுத் திரும்பினால், பானையில் தோல்தான் இருந்தது.

"இப்ப எதை எடுத்துட்டுப் போறது?" என்றாள்.

"இன்னொரு ஈடு அவிச்சாப் போச்சு! இதுக்கு ஏன் முள்ளைச் சிலுப்பற?" என்றான் தணிகாசலம்.

இன்னொரு ஈடு அவிந்தது. அதற்குள் மாமனார் வாசலுக்குப் போய் மரத்தின் நிழலை அளந்தார். "ராகு காலம் வந்துடுச்சு. முடியட்டும்" என்றார். ராகு காலம் முடிந்ததும் மழை வந்தது. மழை விட்டதும் இருட்டிவிட்டது. கட்டி வைத்த கடலை வீணாகலாமா? எல்லாருமாகச் சேர்ந்து அதையும் தின்று தீர்த்தார்கள். சவுந்தரி மட்டும் வாசலில் நின்று, ஏரிப் பக்கமிருந்து வந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சீத்தாப்பழத்தால் போயிற்று.

"கலங்கலுக்குப் போறப்ப சீத்தாப்பழம் இல்லாமலா? அது என்ன பிக்னிக்!" என்றாள் கனகா. பறித்து வைக்கோலில் மூடி வைத்திருந்த பழங்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். "ம்ஹும், கல்லு மாதிரி இருக்கு. கொஞ்சம் பொறுத்துக் கிளம்பலாம் அண்ணி."

கொஞ்சம் பொறுத்து மாமனார் வந்து அமுக்கினார். அப்புறம் தணிகாசலம் அமுக்கினான். அப்புறம் மறுபடியும் கனகா.

"மாடு மிதிச்ச மாதிரி ஆகுது! அமுக்கினா பழுக்குமா? கன்னிப் போயிடும்!" என்று சவுந்தரி கத்தினாள்.

"உனக்குப் பொறுமையே கிடையாது சவுந்தரி" என்றான் தணிகாசலம்.

மதியத்துக்கு மேல் எல்லாப் பழங்களும் ஒன்றாகக் கனிந்து, வைக்கோலில் ஒழுக ஆரம்பித்தன. இதைத் தூக்கிக்கொண்டு குன்றைச் சுற்ற முடியுமா? உடனே தின்றாக வேண்டும். தின்றார்கள். தின்றபின் நடக்க முடியுமா? படுத்தார்கள். குறட்டை கிளம்பியது. கலங்கலுக்கு யாரும் கிளம்பவில்லை.

அடுத்த நாள் காலையில் அதே கொக்கு வந்து சீத்தா மரத்தில் உட்கார்ந்தது.

"என்ன சவுந்தரி, இன்னும் இங்கேயா இருக்கே? வானம் வெளுத்துடுச்சே! கலங்கல்ல தண்ணி குறைஞ்சுக்கிட்டே வருது. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் ஓடினாப் பெரிய விஷயம். நாளைக்கு வந்தா வெறும் பாசிக் கல்லைத்தான் பார்க்கணும்!"

சவுந்தரி வளைக்கு ஓடினாள்.

உள்ளே எட்டிப் பார்த்தாள். தணிகாசலம் சாவகாசமாகக் கிழங்கைப் புரட்டிக்கொண்டிருந்தான். "இன்னிக்குக் கண்டிப்பாப் போறோம்! கிழங்கு சுட்டதும் கிளம்பறோம்!" என்றான். மாமனார், "நல்லா உள்ளே வரைக்கும் வேகட்டும்" என்றார். கனகா, "கடலையும் கொஞ்சம் வச்சுக்கலாம் அண்ணி" என்றாள்.

சவுந்தரியின் முட்கள் சடசடவென்று எழுந்தன. ஒரு கத்துக் கத்தியிருப்பாள். ஆனால் அந்த மூன்று முகங்களையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தவளுக்கு, வாயில் வந்த வார்த்தை அப்படியே நின்றது. இவர்கள் பொய் சொல்லவில்லை. போக வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் இவர்களுடைய பிக்னிக் அடுப்படியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது! அதற்கப்புறம் ஏரி எதற்கு?

எழுந்த முட்களை அவள் மெல்லப் படிய விட்டாள். முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒரு விஷயத்தை யோசிச்சீங்களா?"

"என்ன?"

"கடைசி நாளாம். கூட்டம் அள்ளுமே! காட்டுப்பன்றிக் குடும்பம் ஒண்ணு வந்து உட்கார்ந்தாப் போதும், கரையில நமக்கு இடம் ஏது? மாமாவை நிக்க வச்சா கிழங்கு கொடுக்கறது?"

தணிகாசலம் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டுவிட்டான். "அட ஆமா! இடம் பிடிக்கணுமே!"

"யாராவது முன்னாடி போய் உட்காரணும்" என்றார் மாமனார். "எனக்கு இடுப்பு வலி."

"நான் போயிடுவேன். கிழங்கை யார் பார்க்கறது?" என்றான் தணிகாசலம்.

"எனக்குத் தனியாப் போகப் பயம்" என்றாள் கனகா. பிறகு மூவரும் சேர்ந்து சவுந்தரியைப் பார்த்தார்கள்.

"நானா? ஐயோ, நான் எப்படி! அடுப்புல வேலை கிடக்குதே!" என்றாள் சவுந்தரி.

"நான் பார்த்துக்கறேன் அண்ணி! நீங்க போங்க!"

"வேண்டாம் கனகா. கடலைக்கு உப்புப் பார்க்கணும்..."

"உப்பு நாங்க பார்க்கறோம்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"நீங்க எல்லாரும் வராம நான் மட்டும் போனா நல்லாவா இருக்கும்?"

"இதோ பார் சவுந்தரி" என்று தணிகாசலம் குரலை உயர்த்தினான். "குடும்பத்துக்காக இது கூடச் செய்ய மாட்டியா? முதல்ல கிளம்பு! நாங்க பின்னாலேயே வர்றோம்!"

"நீங்க இவ்வளவு தூரம் சொல்றீங்களேன்னுதான் போறேன்" என்றாள் சவுந்தரி. வாசல் வரை மெல்ல நடந்தாள். வாசலைத் தாண்டியதும் பிடித்தாள் ஓட்டம்! முட்கள் கலகலவென்று ஒன்றோடொன்று மோதின. ஓடியவள் குன்றைச் சுற்றி வந்துதான் நின்றாள்.

எதிரே ஏரி. கண் போகிற தூரம் வரை தண்ணீர். கற்சுவரின் மேல் ஒரு வேட்டியை உதறிப் போட்டது போல அது வழிந்துகொண்டிருந்தது. வழிகிற தண்ணீரை எதிர்த்துச் சின்ன மீன்கள் துள்ளித் துள்ளி ஏறின. ஏறி வந்தவற்றைக் கொக்கு சிரமமே இல்லாமல் வாய்க்குள் வாங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ வந்திருந்த வாத்துகள் யாரோடும் பேசாமல் நடு ஏரியில் மிதந்தன. சவுந்தரி வாயைத் திறந்தபடி நின்றாள். அவளுக்கு இது புதுசு!

ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். கரையில் நல்ல இடமாகப் பார்த்தாள். தளர்ந்திருந்த முட்களில் மூன்றைப் பிடுங்கி, மாமனாருக்கு ஒன்று, கணவனுக்கு ஒன்று, கனகாவுக்கு ஒன்று என்று ஈர மண்ணில் நட்டு வைத்தாள். பஸ் ஸீட்டில் துண்டு போடுவார்களே, அது மாதிரி. துண்டின் மேலாவது உட்கார்ந்துவிடலாம். முள்ளின் மேல் யார் உட்காருவார்கள்?

"இப்பத்தான் வர்றியா?" மங்களம் ஆமை பக்கத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். "முந்தாநாள் வந்திருக்கணும் நீ! என்ன வேகம், என்ன சத்தம்! இதெல்லாம் ஒரு வழிசலா?"

"எனக்கு இதுதான் அக்கா முதல் வழிசல். நீங்க முந்தாநாள் பார்த்ததை நினைச்சுக்கிட்டே இருங்க. நான் இதைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சவுந்தரி தண்ணீரில் இறங்கினாள்.

மங்களம் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

தண்ணீர் சவுந்தரியின் காலைக் குளிரக் குளிரச் சுற்றி ஓடியது. ஒரு மீன் குஞ்சு கால் மேல் ஏறி விழுந்தது. "ஹே!" என்று கத்தினாள். வீட்டில் அவள் கத்தும் கத்தல் வேறு. இது வேறு.

குட்டிகளோடு வந்த காட்டுப்பன்றி அம்மாள் கரையில் இடம் தேடினாள். "இங்கே ஆள் வருதா?" என்று முட்களைக் காட்டிக் கேட்டாள்.

"வருது" என்றாள் சவுந்தரி.

வெயில் சாய்ந்தது. தண்ணீர் இன்னும் மெலிந்தது. பன்றி அம்மாள் குட்டிகளை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டாள். "ஆள் வருதா?"

சவுந்தரி குன்றைச் சுற்றி வரும் பாதையைப் பார்த்தாள். ஒரு ஓணான் கூட வரவில்லை. சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கரையேறி, மூன்று முட்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"வரல. நீங்க உட்காருங்க."

பன்றி அம்மாள் அப்பாடா என்று உட்கார்ந்து, தான் கொண்டுவந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கில் பாதியை உடைத்து நீட்டினாள். "சாப்பிடும்மா. உப்பு கொஞ்சம் கம்மிதான்."

"கம்மியாவே இருக்கட்டும்!" என்றாள் சவுந்தரி. அவள் தோண்டாத கிழங்கு, அவள் கழுவாத கிழங்கு, அவள் வேக வைக்காத கிழங்கு! இவ்வளவு ருசியான கிழங்கை அவள் அதுவரை தின்றதில்லை. கிழங்கை மென்றபடி, கற்சுவரின் மேல் கடைசித் தண்ணீர் நூல் நூலாக இறங்கும் வரை பார்த்தாள்.

அங்கே வளையில் கிழங்கு தீர்ந்திருந்தது. கடலையும் தீர்ந்திருந்தது. மாமனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார், கனகா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். விக்கல் எடுத்த தணிகாசலம், திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்பக்கமாகக் குரல் கொடுத்தான். "சவுந்தரி, ஒரு வாய் தண்ணி எடுத்துட்டு வாயேன்! ... சவுந்தரி!"

எல்லாரும் கிளம்பட்டும் என்று வாசலில் நிற்பவர் கடைசிவரை வாசலைத்தான் பார்ப்பார், முதலில் அடி எடுத்து வைப்பவரே ஏரியைப் பார்ப்பார்.