வளை நிறைந்தது

குளத்துக் கரையில் ஓர் எலி வளை இருந்தது. அதில் கருவாலன் என்ற எலியும், அவன் தங்கை வெள்ளச்சியும், அவன் மகன் சுண்டுவும் குடியிருந்தார்கள். சுண்டுவின் அம்மா சாம்பி கப்பலேறிப் பாலைவன தேசத்துக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு நரி வீட்டில் குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

"வளை நிறையப் பேரீச்சம்பழம் சேர்ந்ததும் அம்மா வந்துடுவேன், கண்ணு!" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் அனுப்பும் பழங்களைப் பூநாரை கொண்டுவந்து கொடுக்கும்.

வெள்ளச்சிக்குத்தான் தலைவலி. அண்ணன் மகனைப் பார்ப்பாளா, அண்ணனைப் பார்ப்பாளா?

சுண்டு ஒரு பழத்தைக்கூடத் தொடமாட்டான்.

"எலும்பும் தோலுமா நிக்கிறியே, தின்னு தொலையேன்டா!"

"தின்னா வளை நிறையாதே, அத்தை!"

வளை நிறையப்போகும் நேரம் பார்த்துக் கருவாலன் மண்ணைப் பறிக்க ஆரம்பிப்பான்.

"இன்னும் ஒரே ஒரு அறை! பார்க்கிறவன் வாயைப் பிளக்கணும்!"

"நீ பெருசாக்கிக்கிட்டே போனா வளை என்னைக்கு அண்ணே நிறையும்? அண்ணி என்னைக்கு வருவாங்க? பிள்ளை வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்!"

"அவனுக்காகத்தானே தோண்டுறேன்!"

இவனிடம் பேசுவதற்குச் சுவரிடம் பேசலாம் என்று வெள்ளச்சிக்கு எரிச்சலாக வந்தது.

ஒருநாள் அவன் குளத்துப் பக்கமாகவே தோண்டினான். "அந்தப் பக்கம் தண்ணி இருக்கு!" என்று கத்தினாள். கேட்டால்தானே! மடமடவென்று தண்ணீர் உள்ளே புகுந்தது. அவள் சுண்டுவின் பிடரியைக் கவ்விக்கொண்டு வெளியே பாய்ந்தாள்.

வாசல்வரை தண்ணீர் தளும்பியது. பழமெல்லாம் சேறாகிப் போனது. கருவாலன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

சுண்டுவோ துள்ளிக் குதித்தான். "அத்தை! வளை நிறைஞ்சிடுச்சு! அம்மா வந்துடுவாங்க!"

ஒரு சிட்டுக்குருவி அந்தத் தண்ணீரில் வாய் வைத்தது. சுண்டு ஓடிப்போய் விரட்டினான். "குடிக்காதே! குறைஞ்சிடும்!"



கருவாலன் மூக்கைச் சிந்தினான். "எல்லாம் போச்சு. சாம்பி இன்னும் கொஞ்ச காலம் அங்கேயே இருக்கட்டும். புது வளை ஒண்ணு…"

"வாயை மூடு!" அவள் போட்ட சத்தத்தில், கரையில் ஒற்றைக் காலில் நின்ற பூநாரை மறுகாலையும் கீழே வைத்தது. "பூநாரையே, நீ போய் அண்ணிகிட்டச் சொல்லு. வளை நிறைஞ்சிடுச்சு, உடனே கிளம்பச் சொல்லு! பிள்ளை காவல் இருக்கான்னு சொல்லு!"

பூநாரை பறந்தது. சுண்டு வாசலைவிட்டு நகரவே இல்லை.

போதும் என்று சொல்லத் தெரியாதவர்கள் வீட்டில், எவ்வளவு சேர்ந்தாலும் பிள்ளைகள் அம்மாவுக்காகக் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.