காட்டுக் கல்லில் ஐந்து எழுத்து

ஒப்பிலாமணி கல்வெட்டுத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேய்ந்துபோன எழுத்தையும் விரலால் தடவியே படித்துவிடுவார் என்று பேர் வாங்கியவர். அறுபத்தோராவது வயதில் அவருக்கு ஒரு ஆசை வந்தது. ஓர் எழுத்துகூடத் தெரியாதவனாக ஒரு கல்லின் முன்னால் மறுபடியும் போய் நிற்க வேண்டும்.

மாயர்களின் எழுத்தைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு வருடம் புத்தகங்களை வைத்துக்கொண்டு தானே படித்தார். பிறகு, மத்திய அமெரிக்காவில், பெலீஸ் நாட்டின் தென்கோடியில் ஒரு காட்டோர ஊரில் இருந்த மார்த்தா சோக் என்பவருக்குக் கடிதம் எழுதினார். தன்னை மாணவனாகச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தார். “வாருங்கள்” என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

மார்த்தாவுக்கு முப்பத்தாறு வயது. மாயர் குலத்துப் பெண். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தார். முன்னோர்களின் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். ஊரே அவரை டீச்சர் என்றது. ஒப்பிலாமணியும் அப்படியே கூப்பிட்டார். டீச்சர் இவரை மிஸ்டர் மணி என்றார். பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். இருவருக்குமே அது பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்த மொழி.

முதல் சனிக்கிழமை காலையில் இடிபாடுகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். காட்டுக்குள் இரண்டு மணி நேர நடை. முந்தின நாள் மழையில் பாதை சேறாகிக் கிடந்தது. மரங்களின் உச்சியில் ஏதோ உறுமியது. பாரம் ஏற்றிய லாரி மேடேறுவதுபோல இருந்தது. குரங்கு என்றார் டீச்சர்.

ஒப்பிலாமணி வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். வெகுநாளாக வைத்திருந்த கேள்வி ஒன்றும் அதில் இருந்தது.

“மாயர்கள் ஏன் காணாமல் போனார்கள், டீச்சர்?”

“உங்கள் தாத்தா எந்த ஊர்?”

“மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம்.”

“நீங்கள்?”

“தஞ்சாவூர்.”

“நீங்கள் ஏன் காணாமல் போனீர்கள்?”

ஒப்பிலாமணி கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு தனக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

எதிரில் ஒரு குன்று வந்தது. டீச்சர் நின்று, கத்தியால் ஒரு கொடியை விலக்கிக் காட்டினார். உள்ளே படிக்கட்டு இருந்தது. குன்று முழுவதும் கட்டடம்தான். அதன் தலையில் ஒரு மரம் வேரோடி நின்றது. ஒப்பிலாமணி அண்ணாந்து பார்த்தார். இலவமரம். தலையணைக்குப் பஞ்சு எடுக்கிற அதே மரம். பத்தாயிரம் மைலுக்கு அப்பால் அதைப் பார்த்ததும் அவருக்கு அதன் அடியில் போய் நிற்க வேண்டும்போல இருந்தது. போய் நின்றார். டீச்சர் அவசரப்படுத்தவில்லை.

கல், ஓலைக் கூரை ஒன்றின் கீழே படுத்திருந்தது. ஒன்றரை ஆள் நீளம். சுண்ணாம்புக் கல். ஒரு பக்கம் முழுவதும் சதுரம் சதுரமாக எழுத்துக் கட்டங்கள்.

டீச்சர் மண்டியிட்டு விரலை வைத்தார். அண்ணாந்த தவளையின் முகம் ஒன்று. “பிறந்தான்” என்றார். கோடும் புள்ளிகளுமாக ஒரு நாள். ஒரு பெயர். அவன் ஆட்சியில் அமர்ந்த நாள். பிறகு இன்னொரு நாள். அதற்கப்புறம் ஐந்து கட்டங்கள் மழையில் கரைந்து வழவழவென்று இருந்தன. அவற்றைத் தாண்டி ஓர் ஊரின் பெயர் தெளிவாக இருந்தது. கடைசியில், அவன் தாய் இந்தக் கல்லை நட்டாள் என்று முடிந்தது.

“அது எந்த ஊர்?” என்று கேட்டார் ஒப்பிலாமணி.

ஆற்றுக்கு அந்தக் கரையில் இதேபோல இன்னோர் இடிபாடு இருக்கிறது என்றும், அதன் பழைய பெயர் அது என்றும் டீச்சர் சொன்னார். அதன் பக்கத்தில் இப்போதும் ஓர் ஊர் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற உறவு. அவ்வப்போது காட்டு எல்லையில் சண்டையும் உண்டு. அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊராரும் சேர்ந்து இந்த இடத்தைச் சுத்தம் செய்ய வருகிறார்கள். டீச்சர் கல்லைப் படித்துக் காட்ட வேண்டும். அவர் படிப்பதைப் பலகையில் எழுதி இங்கேயே நடப் போகிறார்கள்.

அந்த வாரம் முழுவதும் ஒப்பிலாமணி கல்லோடு இருந்தார். டீச்சர் பள்ளிக்கூடம் போன பிறகு, ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காட்டுக்குள் வந்துவிடுவார். பையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. இலை இடுக்கில் விழுகிற வெயிலைக் கண்ணாடியில் வாங்கி, கல்லின்மேல் சாய்வாக அடிப்பார். சாய்ந்த வெளிச்சத்தில் மயிரிழைப் பள்ளம்கூட நிழல் காட்டும். முப்பத்து நான்கு வருடம் அவர் செய்த வேலை அது.

வியாழக்கிழமை, கரைந்துபோன ஐந்தாவது கட்டத்தின் கீழ் மூலையில் ஒரு வளைவு எழுந்தது. கண்ணாடியை நகர்த்தினார், மறைந்தது. திரும்ப வைத்தார், வந்தது. பிறை வடிவம்.

சனிக்கிழமை டீச்சரை அழைத்துவந்து காட்டினார். டீச்சர் கன்னம் கல்லில் படுகிற அளவுக்குக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“ஏழு வருடமாக இந்தக் கல்லைப் படிக்கிறேன், மிஸ்டர் மணி. இதை நான் பார்த்ததே இல்லை.”

ஒப்பிலாமணிக்கு உடம்பெல்லாம் மகிழ்ச்சியாக இருந்தது. தன் முடிவையும் சொன்னார். பிறை, ‘பட்டான்’, ‘பட்டது’ என்று முடிகிற வினைச்சொல்லின் கடைசி எழுத்து. அடுத்து எதிர்க்கரை ஊரின் பெயர். ஆகவே அந்த ஊர்த் தலைவன் சிறைபிடிக்கப்பட்டான் என்பதுதான் அந்த இடம்.

“பிறை வேறு எந்தச் சொற்களில் வரும்?” என்று கேட்டார் டீச்சர்.

“புதைக்கப்பட்டான் என்பதிலும் வரும்.”

“இன்னும்?”

“நடப்பட்டது. இன்னும் சில இருக்கலாம். ஆனால் சிறைபிடித்ததுதான் நன்றாகப் பொருந்துகிறது.”

ஒப்பிலாமணி அன்று மாலை தன் வாசிப்பை அழகாக எழுதினார். ஊகித்த சொற்களை முறைப்படி அடைப்புக்குறிக்குள் போட்டார். டீச்சர் வாங்கிப் படித்துவிட்டு, மடித்து வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். புல் வெட்டி, இலை அள்ளி, வியர்வையோடு கல்லைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எதிர்க்கரை ஊரின் தலைவர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். பெயர் சிரிலோ. பலகை எழுத வந்தவர் தூரிகையோடு நின்றார்.

டீச்சர் தங்கள் மொழியில் நிதானமாகப் படித்தார். ஒப்பிலாமணிக்கு மொழி புரியாவிட்டாலும் விரலைப் பார்த்துக்கொண்டே கூடப் போக முடிந்தது. பிறந்தான். அமர்ந்தான். நாள் வந்தது. விரல் முதல் வழவழப்பான கட்டத்தில் நின்றது.

டீச்சர் வாயை மூடிக்கொண்டார்.

விரல் மட்டும் மெல்ல நகர்ந்தது. இரண்டாவது கட்டம். மூன்றாவது. ஒரு கட்டத்தைப் படிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் ஒவ்வொன்றிலும் நின்றது. முதலில் யாரோ இருமினார்கள். பிறகு அதுவும் இல்லை. எறும்புகள் இலைத் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு சாரையாகப் போவது தெரிந்தது. நூறு பேரும் அந்த விரலையே பார்த்தார்கள். ஐந்தாவது கட்டம் கடந்ததும் டீச்சரின் குரல் திரும்ப வந்தது. எதிர்க்கரை ஊரின் பெயரைச் சொன்னார். தாய் கல் நட்டதைச் சொல்லி முடித்தார்.

சிரிலோ ஏதோ கேட்டார். எங்கள் ஊர்ப் பெயருக்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்கிறார் என ஒப்பிலாமணிக்குப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

டீச்சர் சொன்ன பதிலையும் அவரே சொன்னார். “ஐந்து எழுத்து இருந்தது. நான்கு போய்விட்டது. ஐந்தாவதில் ஒரு பிறை மட்டும் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் இவர்.”

எல்லோரும் ஒப்பிலாமணியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து கண்ணாடியைப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். பிறையைக் கண்டதும் அடுத்தவருக்கு இடம் விட்டார்கள். அது என்னவாக இருக்கும் என்று பேச்சு கிளம்பியது. பிறை எந்தெந்தச் சொல்லில் வரும் என்பதை டீச்சர் ஒன்று விடாமல் சொன்னார். சிறை என்றதும் சிரிலோவின் முகம் கொஞ்சம் மாறியது. புதைத்திருந்தால் பெரிய மரியாதையோடு புதைத்திருப்பார்கள் என்று இந்தக் கரை ஆள் ஒருவர் அவரிடம் சொன்னார். அந்தக் கரைப் பெண் ஒருத்தி, கட்டிக் கொடுத்ததற்கு ஒரு சொல் இருந்தால் அதிலும் பிறை வருமா என்று கேட்டாள். பாதிப்பேர் சிரித்தார்கள். டீச்சர் யாருக்கும் ஆமாம் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பலகைக்காரர், அந்த இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டார். ஐந்து கட்டம் போட்டு வெறுமையாக விடுங்கள், கடைசியில் பிறை மட்டும் வரையுங்கள் என்றார் டீச்சர். சிரிலோ தானே போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

ஊராரெல்லாம் முன்னால் போன பிறகு இருவரும் திரும்பி நடந்தார்கள். ஒப்பிலாமணி அன்று கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஓடை தாண்டியதும் அவராகவே பேசத் தொடங்கினார்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாயின் மதகில் கல்வெட்டு ஒன்றின்மேல் ஈரக் காகிதம் ஒற்றிப் படி எடுத்தார். கண்மாய் மீன் இன்ன தெருவாருக்கு என்று இருந்தது. தெருவின் பெயரில் மூன்று எழுத்து சிதைந்திருந்தது. மேலத்தெரு என்பது பொருந்தும் என்று அவருக்குப் பட்டது. காகிதம் நனைக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த கீழத்தெருப் பெண் ஒருத்தி பக்கத்திலேயே நின்றாள். அடைக்கி என்று பெயர். “எங்க தெரு பேரு இருக்காங்கய்யா?” என்று கேட்டாள். “இல்லம்மா, மேலத்தெருதான் இருக்கு” என்றார்.

“புத்தகத்தில் அடைப்புக்குறி போட்டேன், டீச்சர். அந்த அம்மாவிடம் வாயால் சொன்னபோது போடவில்லை.”

அடுத்த வருடத்திலிருந்து கீழத்தெரு ஆட்களைக் கண்மாயில் வலை போட விடவில்லை. துறைக்காரரே சொன்னார் என்று பேச்சு. அதைக் கேள்விப்பட்டு ஒப்பிலாமணி மறுபடி போய்க் கல்லைப் பார்த்தார். சிதைந்த ஓர் எழுத்தின் அடிப்பகுதி தெரிந்தது. மேலத்தெரு என்பதில் அந்த வடிவம் வராது. அதைப் பத்திரிகை ஒன்றில் சின்னக் குறிப்பாக எழுதினார். படித்தவர்கள் நாலு பேர் இருக்கலாம். கீழத்தெருவுக்குள் அவர் போகவே இல்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

டீச்சர் நின்றார்.

“அந்த மூன்று எழுத்து என்ன?”

“தெரியாது.”

“அந்த அம்மாவிடம் உங்கள் மொழியில் இதை எப்படிச் சொல்வீர்கள்?”

அந்த வார்த்தை ஒப்பிலாமணியின் வாயில் வர நேரமாயிற்று.

“தெரியலம்மா.”

டீச்சர் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். நாக்கில் சரியாக வரவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

“அந்தக் கல்லில் இருப்பது அதுதான், மிஸ்டர் மணி. போய்ப் படித்துக் காட்டுங்கள்.”

“பத்தொன்பது வருடமாகிவிட்டது. அந்த அம்மா இருக்கிறாரோ, இல்லையோ.”

“தெரு இருக்கும்” என்றார் டீச்சர்.