இடது பை, வலது பை

ஏரல் போகிற சாலையில், வாழைத்தார் ஏலக்கடைக்குப் பின்னால், கபடி நடுவர்களுக்குப் பாடம் நடக்கிற மைதானம் ஒன்று இருந்தது. பாடம் எடுத்தவர் இசக்கியம்மாள். வயது நாற்பத்து மூன்று. பதினெட்டு வருடம் விசில் ஊதியவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மாணவர்களில் மூத்தவர் பரமானந்தம். வயது ஐம்பத்தெட்டு. டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். முட்டி தேய்ந்த பிறகு ஆடவும் முடியவில்லை, ஆட்டத்தை விடவும் முடியவில்லை. அதனால் நடுவர் படிப்புக்கு வந்து சேர்ந்தார். அவர் இசக்கியம்மாளை மாஸ்டர் என்பார். இசக்கியம்மாள் அவரை அண்ணாச்சி என்பார். குரு சின்னவர், சீடர் பெரியவர் என்பதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

பரமானந்தம் ஒரு கேள்விப் பேர்வழி. இலையில் சோறு ஆறிக் கிடக்கும், அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அட்டைப் பாடம். பச்சை வாங்கினால் எச்சரிக்கை. மஞ்சள் வாங்கினால் இரண்டு நிமிடம் வெளியே. சிவப்பு வாங்கினால் அந்த ஆட்டமே போச்சு. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு மாஸ்டர் கேட்டார்.

“ஆடுதவன் நடுவரைத் தப்பாப் பேசுதான். பெஞ்சுல இருக்க அவன் கூட்டாளி எந்திரிச்சு நின்னு கை தட்டுதான். பெஞ்சுக்காரனுக்கு எந்த அட்டை?”

பச்சை என்றார்கள் ஆறு பேர்.

“செவப்பு” என்றார் பரமானந்தம்.

“ஏன் அண்ணாச்சி?”

“ஆடுதவனாவது மூச்சு முட்டிக் கெடக்கான். பெஞ்சுல சும்மா உக்காந்து தண்ணி குடிச்சிட்டு இருக்கவனுக்கு என்ன வந்துச்சு?”

மாஸ்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விசில் பாடத்துக்குப் போய்விட்டார்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பியும் பரமானந்தம் கிளம்பவில்லை. அவர் மனசில் அன்றைக்கு ஒரு பெரிய பாரம் இருந்தது.

விஷயம் இதுதான். பத்து நாளுக்கு முன்னால் மாவட்ட லீக்கின் கடைசி ஆட்டம். நடுவர் இசக்கியம்மாளேதான். இரண்டு பக்கமும் சம புள்ளி. ஸ்டெர்வின் என்ற இருபத்திரண்டு வயதுக்காரன் கடைசி ரெய்டு பாடிப் போனான். திரும்பும்போது அவன் குதிகால் பக்கக்கோட்டைத் தாண்டி வெளியே பட்டுவிட்டது. மாஸ்டர் அவுட் கொடுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டே அவன் எழுந்து வந்து, “உன்னை எத்தனைக்கு வாங்குனாங்க?” என்று கேட்டான். பக்கத்தில் டிவிக்காரர்களின் மைக் இருந்தது. மறுநாள் ஊர் முழுக்க ஃபோனில் அதுதான் ஓடியது.

லீக்கின் ஒழுங்குக் குழுவில் மூன்று பேர். பரமானந்தம் அதில் ஒருவர். மாஸ்டரின் மாணவர் இந்த வழக்கில் உட்காரலாமா என்று ஒருவர் கேட்டாராம். மாவட்டத்தில் கபடி தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவரிடம் அவுட் வாங்கியவர்கள், வேறு யாரை உட்கார வைப்பது என்று இன்னொருவர் சொன்னாராம். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

குழுவில் ஒருவர் இரண்டு வருடத் தடை என்றார். மற்றவர் இரண்டு ஆட்டம் வெளியே உட்காரட்டும், நடுவரிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்றார். பரமானந்தம் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அதுதான் தீர்ப்பு. மறுநாள் பதினொரு மணிக்குக் கூட்டம். டிவியில் வருகிற பெரிய லீக்கில் ஒரு அணி ஸ்டெர்வினை எடுத்திருந்தது. அடுத்த மாதம் போய்ச் சேர வேண்டும். தடை விழுந்தால் அந்த வாழ்வு அவனுக்கு இனி இல்லை.

“எழுதியே வச்சிட்டேன், மாஸ்டர்” என்றார் பரமானந்தம். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். “ரெண்டு வருசம்.”

மாஸ்டர் தாளை வாங்கவில்லை.

“அப்புறம் என்ன கேள்வி?”

“கம்மியோன்னு ஒரு சந்தேகம். உங்களைப் போய் அப்படிக் கேட்டுட்டான். எனக்குப் பத்து நாளாச் சோறு சரியா எறங்கல. எத்தனை வருசம் போட்டா சரியா இருக்கும்?”

“என்னைச் சொன்னதுக்குக் கோவமா, சொன்ன சொல்லுக்குக் கோவமா?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“அவன் கேட்டது என்னை. நான் கணக்குச் சொன்னா அது தீர்ப்பு இல்ல அண்ணாச்சி, பழி. என்கிட்ட இதைக் கேக்காதீய.”

பரமானந்தத்தின் முகம் வாடிவிட்டது. மாஸ்டர் கோடு போடுகிற சுண்ணாம்புத் தூளைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

“சாயங்காலம் எங்க போறிய?”

“கச்சிக் கூட்டம், பழைய பஸ் ஸ்டாண்டுல. தலைவர் பேசுதாரு. எனக்கு முன் வரிசைல நாற்காலி போட்டிருக்காங்க.” முப்பது வருடமாக அவர் அந்தக் கட்சி. சொல்லும்போதே குரலில் ஒரு கம்பீரம் வந்துவிட்டது.

மாஸ்டர் தன் பையிலிருந்து மூன்று அட்டைகளையும் எடுத்து அவரிடம் நீட்டினார்.

“இதை எடது பைல வச்சுக்கோங்க. ஆட்டத்துல அட்டை காட்டுத மாதிரி ஏதாவது காதுல விழுந்தா, எந்த அட்டையோ அதை வலது பைக்கு மாத்துங்க. யாருக்கும் காட்ட வேண்டாம். யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்.”

“எதுக்கு மாஸ்டர்?”

“காலைல பேசுவோம்.”

பரமானந்தத்துக்கு ஆர்வம் தாங்கவில்லை. கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டார். இடது கை சட்டைப் பக்கவாட்டுப் பையைத் தடவிக்கொண்டே இருந்தது. என்ன கேட்கப் போகிறோம், எந்த அட்டை மாறப் போகிறது என்று பரீட்சைக்கு வந்தவர் போல இருந்தார். வரவேற்புரையில் ஒன்றும் இல்லை. வாழ்த்துரையில் ஒன்றும் இல்லை. பிறகு தலைவர் எழுந்தார். பரமானந்தமும் எழுந்தார்.

மறுநாள் காலை வகுப்புக்கு முன்பே அவர் மைதானத்தில் நின்றார். மாஸ்டர் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“எத்தனை மாறுச்சு, அண்ணாச்சி?”

பரமானந்தம் இடது பையைத் தட்டிக் காட்டினார். “மூணும் இங்கதான் இருக்கு. ஒருத்தரும் ஒரு வார்த்தை தப்பாப் பேசல.”

“நல்லது. தலைவர் எப்படிப் பேசுனாரு?”

அதைக் கேட்க வேண்டுமா? பரமானந்தம் முட்டி வலியை மறந்து நிமிர்ந்து நின்றார். அவருக்குத் தலைவர் பேச்சு ஒரு வரி விடாமல் மனப்பாடம் ஆகிவிடும்.

“பிரமாதம் மாஸ்டர். நம்ம பேனரை மட்டும் அந்தத் தாசில்தாரம்மா எறக்கிட்டாங்கல்ல? எதிர்க்கச்சி பேனர் அப்படியே நிக்குது. அதைப் பிடிச்சாரு பாருங்க. மாமியா ஒடைச்சா மண்குடம், மருமவ ஒடைச்சா பொன்குடமான்னு கேட்டாரு. கூட்டம் அப்படியே அதிருது. அப்புறம் ஒரு வாய் சோடா குடிச்சாரு. துண்டால வாயத் தொடைச்சாரு. ஏ தாசில்தாரு, உன்னை எத்தனைக்கு வாங்கு…”

பரமானந்தம் நிறுத்தினார்.

மாஸ்டர் தலையை நிமிர்த்தவில்லை. கோடு ஒரே நேராகப் போய்க்கொண்டிருந்தது.

“சொல்லுங்க. சோடா குடிச்சாரு, அப்புறம்?”

மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஏலக்கடையில் ஒருவன் வாழைத்தாருக்கு விலை கூவிக்கொண்டிருந்தான். பரமானந்தம் அதையே கேட்டுக்கொண்டு நின்றார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக, தான் மனப்பாடம் செய்த ஒரு வரி அவருக்கு வாயில் வர மறுத்தது.

பிறகு அவருடைய குணம் தலைதூக்கியது.

“மாஸ்டர், என் கை ஏன் பைக்குப் போகல? பைலயேதானே வச்சிருந்தேன்?”

“அந்த நேரத்துல எங்க இருந்துச்சு?”

பரமானந்தம் யோசித்துப் பார்த்தார். இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார்.

“தட்டிட்டு இருந்துச்சு.”

மாஸ்டர் அடுத்த கோட்டுக்கு நகர்ந்தார். பரமானந்தமும் கூடவே நகர்ந்தார்.

“ஆனா அது அரசியல், மாஸ்டர். மேடைல நாலு வார்த்தை காரமாப் பேசாம எப்படி? அந்த வெறி இல்லன்னா ஓட்டு விழுமா?”

“வெறி இல்லாம ரெய்டு போவ முடியுமா?”

“போவ முடியாது.”

“ஸ்டெர்வினுக்கு மூச்சு எப்படி இருந்துச்சு?”

“இளைச்சுக்கிட்டு இருந்தான்.”

“தலைவருக்கு?”

பரமானந்தம் மெதுவாகச் சொன்னார். “சோடா குடிச்சிட்டுத்தான் சொன்னாரு.”

பரமானந்தத்துக்கு விட மனசில்லை.

“அப்ப அந்தம்மா செய்தது சரியா? நம்ம பேனரை மட்டும் எறக்குனது?”

“எனக்குத் தெரியாது. வெசாரிச்சியளா?”

“இல்ல.”

“நான் கொடுத்த அவுட்டு சரியா?”

“சரிதான். வீடியோல நாலு தடவை பார்த்தேன். குதிகால் தெளிவாத் தெரியுது.”

“என் அவுட்டை நாலு தடவை பாத்திய” என்றார் மாஸ்டர்.

பரமானந்தம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். முட்டி மடங்க மாட்டேன் என்றது, அதை இரண்டு கையாலும் மடக்கி வைத்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தை விடவும் ஆச்சரியம்தான் அதிகம். அதே சொல். பத்து நாள் இடைவெளி. ஒன்றுக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொன்றுக்குக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய் நாலு தோசை கூடுதலாகத் தின்றிருக்கிறார். ஒரே வயிறு இரண்டு விதமாக நடந்துகொண்டது எப்படி?

“அந்தத் தாசில்தாரம்மாகிட்ட வேலை படிச்சவங்க யாராவது இருப்பாங்களோ?” என்று கேட்டார்.

“இருப்பாங்க.”

“அவங்களும் என்னை மாதிரி…” என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

பிறகு மூன்று அட்டைகளையும் வெளியே எடுத்தார். சிவப்பை மட்டும் பிரித்து மாஸ்டரிடம் நீட்டினார்.

“நேத்து நான்தான் சொன்னேன். பெஞ்சுல உக்காந்து கை தட்டுதவனுக்குச் செவப்புன்னு. காட்டுங்க மாஸ்டர்.”

மாஸ்டர் சுண்ணாம்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சிவப்பைத் தொடவில்லை. பச்சையை எடுத்து, பரமானந்தத்தின் வலது பையில் போட்டார்.

“செவப்புன்னு சொன்னது நீங்க. விதிப் புஸ்தகம் அப்படிச் சொல்லல. மொதத் தடவைக்குப் பச்சைதான்.”

பரமானந்தம் வலது பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஸ்டெர்வின் ஆறு வருசமா ஆடுதான், மாஸ்டர். இதுவரைக்கும் ஒரு அட்டை வாங்குனதில்ல.”

மாஸ்டர் வாழைத்தார் லாரி ஒன்று பின்பக்கமாக வருவதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

“சும்மாவும் விட முடியாது. சொன்னது சொன்னதுதானே?”

மாஸ்டரின் கண் லாரியிலேயே இருந்தது.

பரமானந்தம் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்தார். ‘இரண்டு வருடம்’ என்று எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தார். கீழே எழுதினார். இரண்டு ஆட்டம். நடுவரிடம் நேரில் மன்னிப்பு. எழுதியதை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். மாஸ்டரிடம் காட்டவில்லை. மாஸ்டரும் எட்டிப் பார்க்கவில்லை.

அப்போது அவருடைய ஃபோன் அடித்தது. கட்சி ஆபீசிலிருந்து. “ஆமா, வாரேன். முன் வரிசையா? சரி” என்று சொல்லி வைத்தார்.

பிறகு கையை ஊன்றி எழுந்தார். மஞ்சளையும் சிவப்பையும் மாஸ்டரிடம் நீட்டினார்.

“பச்சை என்கிட்டயே இருக்கட்டும், மாஸ்டர். மத்ததைப் பிடிங்க.”

மாஸ்டர் சிவப்பை மட்டும் வாங்கிக்கொண்டார்.

“இன்னைக்கும் கூட்டம் இருக்கோ, அண்ணாச்சி?”

“இருக்கு. சாயங்காலம், ஸ்ரீவைகுண்டத்துல. தலைவர்தான் பேசுதாரு.”

“அப்ப மஞ்சளை எடது பைலயே வச்சுக்கோங்க” என்றார் மாஸ்டர்.