நடு வால்வுக்கு எந்த எண்ணெய்?

"டீச்சர், இதுக்கு எந்த எண்ணெய்தான் போடணும்?"

செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே தேவசிங் கேட்டுவிட்டார். கக்கத்தில் டிரம்பெட். முகத்தில் மூன்று நாள் தாடி.

பியூலா டீச்சர் கோயில் பள்ளிக்கூடத்தில், காலி வகுப்பறைத் தரையில் உட்கார்ந்து குருத்தோலைச் சிலுவை மடித்துக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் குருத்தோலை ஞாயிறு. சபையில் ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும்.

டீச்சருக்கு வயது முப்பத்துநாலு. தேவசிங்குக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் தேரிமேட்டுக் கோயில் பேண்டை நடத்துவது அவள். அவளிடம் கற்றுக்கொள்வது அவர்.

"இதுவரைக்கும் என்னென்ன போட்டீங்க அண்ணாச்சி?"

அவர் ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். மார்கழியில் தேங்காயெண்ணெய் போட்டாராம். காலைக் குளிரில் அது உறைந்துபோய், மூன்று வால்வில் நடு வால்வு மட்டும் அமுக்கினால் கீழே போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டதாம். அதைத் துடைத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் போட்டாராம். பிறகு மதுரையிலிருந்து ஒரு பாட்டில் வாங்கிவரச் செய்தாராம். மகன் தோஹாவிலிருந்து ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினானாம், அதையும் போட்டுப் பார்த்தாகிவிட்டதாம்.

"மத்த ரெண்டும் பூனை மாதிரி போயிட்டு வருது டீச்சர். நடுவுல கிடக்க கழுதைதான் எந்திரிக்க மாட்டேங்கு."

டீச்சர் ஒரு சிலுவையை முடித்து ஓரமாக வைத்தாள்.

"ஈஸ்டருக்கு இன்னும் ஒன்பதே நாள்," என்றார் அவர். 

ஏன் நாளை எண்ணுகிறார் என்று டீச்சருக்குத் தெரியும்.

போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்களில், அவர் மனைவி சொர்ணபாய், மூளையில் இரத்தக் கசிவு என்று பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். பதினோரு நாள் அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரி மாடிப்படியில், போகிறவர் வருகிறவர் கால் நடுவே முழங்கால் போட்டு, தேவசிங் ஆண்டவருக்கு ஒரு பொருத்தனை பண்ணினார். இவளை எழுப்பிக் கொடும். அடுத்த ஈஸ்டர் விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்து வாசலில், நன்றிப் பாட்டின் மூன்று சரணத்தையும் நான் ஒருத்தனே டிரம்பெட்டில் ஊதுகிறேன்.

அவருக்கு டிரம்பெட் ஊதத் தெரியாது.

இருபது வருஷமாகப் பேண்டில் அவருக்கு இருந்த வேலை, பெரிய டிரம்மை முதுகில் சுமப்பது. அவர் குனிந்து முன்னால் நடப்பார். பின்னால் வேறொருவர் அடித்துக்கொண்டு வருவார். தனக்குக் கைவந்த ஏதாவது ஒன்றைப் பொருத்தனையாகச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவருக்கு அது போதாது என்று தோன்றிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் சொர்ணபாய் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஷேவ் பண்ணலையா?" என்று கேட்டாள்.

அந்த வாரமே அவர் டீச்சரிடம் வந்துவிட்டார்.

ஒரு வருஷம் ஊதி, உதடு வீங்கி, அக்கம்பக்கத்தார் ஜன்னலைச் சாத்தி, இப்போதுதான் பாட்டு பாட்டாக வந்திருக்கிறது. அதில் பாதி சுரத்துக்கு நடு வால்வு வேண்டும்.

"எந்த எண்ணெய் டீச்சர்?"

"எண்ணெயே போடாதீங்க. திங்கக்கிழமை வரைக்கும்."

"வறட்டு வால்வாவா?"

"ஊதவும் வேண்டாம். உறைக்குள்ள போட்டு வீட்ல வைங்க."

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. டீச்சர் அவர் கையில் ஒரு ஓலைச் சிலுவையைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஓலையை எடுத்தாள். பேச்சு முடிந்தது.

குருத்தோலை ஞாயிறு பவனிக்கு டிரம் சுமக்க ஆள் வரவில்லை. தேவசிங் பேசாமல் போய்க் குனிந்தார். வாரைத் தோளில் மாட்டிவிட்ட தாம்சன், அவன்தான் பேண்டில் முதல் டிரம்பெட், முதுகு இன்னும் ரிட்டயர் ஆகவில்லையா அண்ணாச்சி என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஓசன்னா பாடிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றி வரும்போது ஒவ்வொரு அடியும் முதுகெலும்பில் விழுந்தது. ஈஸ்டருக்கும் இதே இடந்தானோ என்று நினைத்துக்கொண்டே நடந்தார்.

திங்கட்கிழமை டிரம்பெட்டோடு போய் நின்றார்.

டீச்சர் நடு வால்வின் மூடியைத் திருகி, வால்வை வெளியே இழுத்தாள். வராமல் அடம்பிடித்து, பிறகு வந்தது. அதன்மேல் எண்ணெய் பளபளத்தது.

"போட்டீங்களா அண்ணாச்சி?"

"ஆண்டவர் அறிய ஒரு சொட்டு போடலை."

ஒரு வெள்ளைத் துணியில் வால்வைத் துடைத்து, துணியை அவரிடம் நீட்டினாள். பழுப்பும் பச்சையுமாகப் பிசின் போல ஒரு கறை.

அவர் முகர்ந்து பார்த்தார்.

மிஷின் எண்ணெய் இல்லை. தோஹா எண்ணெயும் இல்லை. ஆஸ்பத்திரியின் பதினோரு நாளும் அந்தத் துணியில் இருந்து எழுந்து வந்தது.

அது ஜெப எண்ணெய். ஓர் ஊழியக்காரர் ஜெபம் பண்ணிக் கொடுத்த ஒலிவ எண்ணெய், கொஞ்சம் வாசனை சேர்த்தது. அந்தப் பதினோரு நாளும் காலையிலும் சாயங்காலமும் அதைத் தொட்டுத் தொட்டு சொர்ணத்தின் நெற்றியில் வைத்தது அவர்தான். அவள் பிழைத்து வந்த பிறகு பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருந்தது. பீரோவில், வேதபுத்தகத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். யாரையும் தொட விடமாட்டாள். பேரனுக்குக் காய்ச்சல் அடித்தபோதுகூட விரல் நுனியில் ஒரு பொட்டுதான் கொடுத்தாள்.

"சிக்குது சிக்குதுன்னு நான் வீட்ல புலம்பியிருக்கேன்," என்றார் மெதுவாக. "நான் புலம்பப் புலம்ப அவ ஊத்தியிருக்கா. அவ ஊத்த ஊத்த அது சிக்கியிருக்கு."

டீச்சர் துணியை வாங்கி மடித்தாள்.

"பீரோவைப் பூட்டிருதேன்."

"பூட்டி?"



டீச்சர் வால்வை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினாள். குழாயின் உள்ளே துணியை விட்டுத் துடைத்தாள். மூன்று சின்ன பாட்டில்களை எடுத்து, அவருடைய புறங்கையில் வரிசையாக ஒவ்வொரு சொட்டு வைத்தாள். கையைச் சாய்க்கச் சொன்னாள்.

முதல் சொட்டு தண்ணீராக ஓடியது. இரண்டாவது கொஞ்சம் நின்று ஓடியது. மூன்றாவது நிதானமாக இறங்கியது.

"எது நல்லது டீச்சர்?"

டீச்சர் வால்வைக் குழாயில் விட்டு லேசாக ஆட்டிக் காட்டினாள். அது இப்படியும் அப்படியும் ஆடியது. கோயில் டிரம்பெட், எத்தனையோ பேர் விரல் பட்டது. உள்ளே தேய்ந்திருந்தது.

"புதுசுக்கு முதல்ல உள்ளது. அதுல இடைவெளியே கிடையாது, லேசா இருந்தாப் போதும். தேய்ஞ்சதுக்கு மூணாவது. தேய்ஞ்ச இடத்தை அதுதான் நிரப்பும்."

அவள் மூன்றாவது பாட்டிலை அவர் கையில் வைத்தாள். தேவசிங் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டும் போகாமல் நின்றார்.

"சொர்ணத்துகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"எத்தனை சொட்டுன்னு சொல்லுங்க. ஒரு வால்வுக்கு மூணு."

"அவகிட்டயா?"

"பின்னே? உங்க வீட்ல எண்ணெய் போடுதது யாரு அண்ணாச்சி?"

வழியெல்லாம் அவர் வார்த்தை தேடிக்கொண்டே போனார். கோபமாகச் சொல்லிப் பார்த்தார். தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். வீட்டு வாசலில் எல்லாம் மறந்துபோயிற்று.

சொர்ணம் அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நோவுக்குப் பிறகு அவளுக்கு வலது கையில் முழுப் பிடிமானம் வரவில்லை. ஊறுகாய் பாட்டில் மூடியைக்கூட அவர்தான் திறந்து கொடுக்க வேண்டும். இடது கையால் ஒவ்வொரு இலையாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் அவருக்கு நடு வால்வின் மூடி ஞாபகம் வந்தது. இறுக்கமான திருகு மூடி. அதைத் தினமும் கழற்றி, எண்ணெய் விட்டு, அவர் வருவதற்குள் திரும்ப மாட்டி வைத்திருக்கிறாள்.

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"டீச்சர் உன்கிட்ட கொடுக்கச் சொன்னாங்க."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். டிரம்பெட்டைப் பார்த்தாள். கையிலிருந்த கீரை கீழே விழுந்தது.

"கெடுத்துட்டேனா?" என்று கேட்டாள்.

"முதல்ல கெடுத்தது நான். தேங்காயெண்ணெய் போட்டேன்லா? நீ போட்டது அதுக்குப் பிறகு. நாம ரெண்டு பேருமாச் சேந்து அந்த வால்வுப் புள்ளையைப் பாடாப் படுத்திட்டோம்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"எனக்குப் போட்டுதானே நான் எந்திரிச்சேன்," என்றாள். "அதுவும் எந்திரிக்கும்னு நினைச்சேன்."

அவர் கொஞ்ச நேரம் கீரையைப் பொறுக்கினார்.

"ஒரு வால்வுக்கு மூணு சொட்டு," என்றார் பிறகு. "நீதான் போடணும்."

சொர்ணம் அந்தச் சின்ன பாட்டிலை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு ஜெபத்துக்குக் கண்ணை மூடினாள். இப்போது முடிப்பாள், இப்போது முடிப்பாள் என்று அவர் காத்திருந்தார். அடுப்பில் சோறு பொங்கி மூடியைத் தட்டியது. அவரே எழுந்துபோய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார். அவள் ஆமென் சொல்லவில்லை. யாருக்காக இவ்வளவு நேரம் என்று கேட்கத் தோன்றி, கேட்காமல் இருந்துவிட்டார்.

பிறகு அவள் போட்டாள். பாட்டில் சாய்ந்து ஒரு சொட்டு சேலையில் விழுந்தது. நடு வால்வை உள்ளே விட்டு, விரலால் அமுக்கினாள்.

கீழே போனது. விரலை எடுத்தாள்.

மேலே வந்தது.

இன்னொரு தரம் அமுக்கினாள். இன்னொரு தரம். பேரன் கையில் கொடுத்த கிலுகிலுப்பை போல அவள் அதை விடவில்லை.

அப்புறம் எழுந்துபோய், பீரோவிலிருந்து ஜெப எண்ணெயைக் கொண்டுவந்தாள். அடியில் அரை விரற்கடை இருந்தது.

"அப்ப இதை என்ன செய்ய?"

தேவசிங் தலையைக் குனிந்து அவள் முன்னால் நீட்டினார். பதினோரு நாள் அவர் அவளுக்குச் செய்ததை யாரும் அவருக்குச் செய்ததில்லை.

"இங்க வை," என்றார். "சிக்குனாலும் பரவாயில்லை."

அன்றிலிருந்து தினமும் வால்வுக்கு மூன்று சொட்டு, நெற்றிக்கு ஒரு பொட்டு.

ஈஸ்டர் அன்று கிழக்கு வெளுக்கும் முன்னால் சபை முழுவதும் மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றது. தேவசிங் சுத்தமாக ஷேவ் பண்ணியிருந்தார். நெற்றி மினுங்கியது. சொர்ணபாய் வெள்ளைச் சேலையில், முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெரிய டிரம் தாம்சனின் முதுகில் இருந்தது. அவனாகவே வந்து வாங்கிக்கொண்டான்.

சபைப் போதகர் ஐயர் தலையசைத்தார்.

முதல் சரணம் கொஞ்சம் தடுமாறியது. உதடு நடுங்கியதுதான், வால்வு இல்லை. இரண்டாவதில் மூச்சு நிலைப்பட்டது. மூன்றாவதில் அவர் விரல்களை மறந்துவிட்டார். நடு வால்வு போனது, வந்தது, போனது, வந்தது. கடைசிச் சுரம் கல்லறைகளுக்கு மேலே போய், பனைகளுக்கு அந்தப் பக்கம் அடங்கியது.

பொருத்தனை நிறைவேறியது.

ஜெபம் பண்ண ஐயர் கையை உயர்த்தினார்.

தேவசிங் டிரம்பெட்டைத் திரும்பவும் உதட்டில் வைத்தார்.

ஐயரின் கை அப்படியே நின்றது. முதல் சரணம் மறுபடி எழுந்தது. நாற்காலியிலிருந்து சொர்ணபாய், இன்னும் முழுசாகத் திரும்பாத நாக்கால், அதோடு சேர்ந்து பாடினாள்.

ஆராதனை முடிந்து எல்லோரும் சுக்குக் காப்பி குடிக்கும்போது, டீச்சர் டம்ளரோடு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் வெள்ளைத் துணியால் டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூணு சரணம்னுதானே பொருத்தனை அண்ணாச்சி?"

"ஆமா டீச்சர்."

"நாலு ஊதினீங்க."

அவர் சொர்ணம் இருந்த பக்கம் பார்த்தார். நடு வால்வை ஒரு தரம் அமுக்கி விட்டார்.

"எண்ணெய் மிச்சம் இருந்துது டீச்சர்."