எட்டாவது துண்டு

ஓசூர்ப் பக்கத்து ரப்பர் கம்பெனி ஒன்றில் மேனேஜர் தணிகாசலம், ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கலந்து கரித்தூள் போட்டு ஒரு புதுச் சரக்கு கண்டுபிடித்தார். அதை மெஷினில் மாட்டி இழுத்துச் சோதிப்பது சுலோச்சனாவின் வேலை. காலையிலிருந்து ஏழு துண்டு அறுந்தாயிற்று. ஏழு தடவையும் மேனேஜர், "மெஷின் கோளாறும்மா, சரிபண்ணி இழு" என்றார். எட்டாவதும் அறுந்தால் நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

சுலோச்சனாவுக்கு வெறுத்துப் போயிற்று. டிராயரிலிருந்து ஒரு கறுப்புத் துண்டை எடுத்து மாட்டினாள். முள் கடைசிக் கோட்டைத் தொட்டும் அது அறவில்லை.

"இப்பத்தான் மெஷின் ஒழுங்கா வேலை செய்யுது" என்றார் மேனேஜர்.

"அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்."

சந்தோஷமாகப் போட்டார்.

"மெஷினை நான் தொடவே இல்ல சார். மட்டமான சரக்குன்னு நீங்க நிறுத்தினீங்களே, அந்தப் பழைய கலவையைத்தான் மாட்டினேன். ரெண்டும் ஒரே கறுப்பு. உங்களுக்கு வித்தியாசம் தெரியல, மெஷினுக்குத் தெரிஞ்சுது. உங்க எட்டாவது துண்டு இதோ இருக்கு, மாட்டட்டுமா?"

டீ குடிக்கிற நேரம் ஆகிவிட்டதை மேனேஜர் அப்போதுதான் கண்டுபிடித்தார்.